யப்பானிலை ஆர் இருக்கினம்?

அத்தியாயம் 17

மொன்றியல் தமிழர் ரொறொன்ரோவுக்குப் போக ஆயிரம் காரணம் இருக்கும். கலியாணவீடு, செத்தவீடு, கோயில் தேர், நகைக்கடை, நல்ல பல்லு டொக்டர். எதற்குப் போனாலும் திரும்பி வரும்போது கையில் ரோல்ஸ் என்ற பொரித்த பலகாரப் பெட்டி இருந்தாக வேண்டும். ரொறொன்ரோவுக்குப் போய் ரோல்ஸ் இல்லாமல் வந்தவர் என்று இந்த ஊரில் இதுவரை ஒருவரும் இருந்ததில்லை.

அஜந்தா அப்படி வந்துவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் சூட்கேசை இழுத்துக்கொண்டு ரொக்ஸ்பரோ வீட்டுப் படியேறியவள், "ரொறொன்ரோ எப்பிடியம்மா?" என்று மகள் நிரோஜா கேட்க, "நல்லாயிருந்தது" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டுக் குளிக்கப் போனாள். பத்து நாள் ஸ்காபரோவில் பள்ளித்தோழி யோசெப்பின் வீட்டில் நின்றதாகக் கதை. நின்றதோ யப்பானில், மலைகளுக்கு நடுவே தக்கயாமா என்ற பழைய சின்ன நகரத்தில். அது யோசெப்பினுக்குத் தெரியும். நமக்குத் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது.

ஏன் போனாள் என்பதற்கு ஒரு மாதம் பின்னுக்குப் போக வேண்டும்.

புருசன் ஞானேந்திரன் போன கார்த்திகையில் கண்ணை மூடினார். ஆண்டுத்திவசத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. வருகிற தையில் நிரோஜாவின் கலியாணம். புரட்டாதியில் ஒரு நாள், புருசனுடைய தமையன் மனைவி சிவநேசம் இதே வீட்டு சோபாவில் இருந்து, அஜந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கன்னிகாதானம் சோடியாச் செய்ய வேண்டிய காரியம் பிள்ளை. நானும் அவரும் மணவறையிலை இருக்கிறம். நீ பின்வரிசையிலை இரு. தாலி கட்டேக்கை மட்டும் முன்னுக்கு வந்திடாதை, என்ன?"

திட்டிச் சொல்லியிருந்தால் அஜந்தா திருப்பித் திட்டியிருப்பாள். சிவநேசம் அன்பாகச் சொன்னாள். அதனால் அஜந்தாவின் தலை தன்பாட்டில் ஆடிவிட்டது. பலகாரத்துக்கு எத்தனை கிலோ மா வேண்டும் என்றும் அதே மூச்சில் கேட்டாள் சிவநேசம். அதற்கும் தலை ஆடியது.

அன்று பின்னேரமே அஜந்தா விமான டிக்கற் போட்டாள்.

இனி இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் லொங்குய்யிலிருந்து வருவதாக ஏற்பாடு. கலியாண அழைப்புக் காட் அச்சுக்குப் போகமுன் இரண்டு பகுதியும் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அதற்காகச் சிவநேசமும் அவள் புருசன் பேரின்பநாதனும் இல்-பிசாரிலிருந்து பதினொரு மணிக்கே வந்து இறங்கிவிட்டார்கள். சிவநேசத்தின் ஒரு கையில் மாதிரிக் காட். மற்றக் கையில் ஒரு பெரிய வெறும் பிளாஸ்ரிக் பெட்டி.

"ரோல்ஸ் பிறிட்ஜுக்குள்ளையோ பிள்ளை?" என்றாள், சப்பாத்தைக் கழற்றமுன்னரே.

"கொண்டுவரேல்லை அக்கா."

"அறுபது எல்லே சொல்லிவிட்டனான்!"

"கடை பூட்டியிருந்தது."

"பத்து நாளும் பூட்டோ?"

அஜந்தா சோற்றைப் போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, பொரியல். ரோல்ஸ் இல்லாத குற்றத்தை மூடிமறைக்க இன்னொன்றையும் சின்னக் கோப்பையில் வைத்தாள். சிவப்பு நிறத்தில் மெல்லிசாக வெட்டிய ஊறுகாய். பேரின்பநாதன் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். நறுக்கென்று சத்தம் கேட்டது.

"நல்லாயிருக்கு. ரொறொன்ரோவோ?"

"ம்" என்றாள் அஜந்தா.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவள் ஒரு முழு நாட்டையே ஊறுகாய்க் கோப்பையில் மறைக்கப் பார்த்தாள்.

அப்போதுதான் நிரோஜா மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தாள். இருபத்தெட்டு வயது, லொங்குய்யில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. தமிழ் கதைப்பாள், கோபம் வந்தால் பிரெஞ்சுக்குத் தாவிவிடுவாள்.

"அம்மா, என்ரை பிளவுஸ் எங்கை? இண்டைக்குப் போட்டுப் பாக்கவேணும்."

அஜந்தாவின் கையில் இருந்த அகப்பை நின்றுவிட்டது.

கூறைச் சேலைக்குத் தைக்கக் கொடுத்த பிளவுஸ். ஸ்காபரோவில் இருக்கும் தையல்காரியிடமிருந்து எடுத்து வருவதாகச் சொல்லித்தான் இந்தப் பயணமே தொடங்கியது. விமானம் மாறுவதை யோசித்தாள். ரயில் மாறுவதை யோசித்தாள். குளிருக்கு எத்தனை காலுறை வேண்டும் என்று யோசித்தாள். மகளின் கலியாணப் பிளவுஸை மட்டும் அடியோடு மறந்துபோனாள்.

"அது... இன்னும் முடியேல்லையாம்."

"முடியேல்லையோ? தையிலை கலியாணத்தை வைச்சுக்கொண்டு!" சிவநேசம் கைத்தொலைபேசியை எடுத்தாள். தையல்காரியின் இலக்கம் இல்லாத தமிழ்ப் பெண் கனடாவின் இந்தப் பக்கத்தில் இல்லை. ஒலிபெருக்கியிலும் போட்டுவிட்டாள்.

"முடிஞ்சு மூண்டு கிழமையாத் தூங்குது அக்கா," என்றது தையல்காரியின் குரல். "அஜந்தாக்கா வருவா எண்டு ஒவ்வொரு நாளும் பாத்தனான். அவ இந்தப் பக்கமே வரேல்லையே!"

தொலைபேசி அடங்கியது. மூன்று பேரும் அஜந்தாவைப் பார்த்தார்கள்.

இன்னொரு பொய்க்கு நேரம் இருந்தது. காய்ச்சலாய்க் கிடந்தேன் என்று சொல்லலாம். யோசெப்பின் அதையும் ஒத்துக்கொண்டு சாட்சி சொல்வாள். பொய் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அஜந்தாவுக்கு அதன் ருசி பிடிக்கவில்லை.

"நான் ரொறொன்ரோவுக்குப் போகேல்லை," என்றாள். "யப்பானுக்குப் போனனான்."

பேரின்பநாதன் கோப்பைக்குள் பார்த்தார். "அப்ப இந்த ஊறுகாய்?"

"தக்கயாமா அத்தான். ஆத்தங்கரையிலை காலமைச் சந்தை போடுவினம். அங்கை வாங்கினது."

அவர் இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சிவநேசம் முறைத்த முறைப்பில் மெல்லுவதை மட்டும் நிறுத்தினார்.

"யப்பானிலை ஆர் இருக்கினம்?" என்று கேட்டாள் சிவநேசம்.

"ஒருத்தரும் இல்லை."

"சொந்தக்காரர்?"

"இல்லை."

"ஊராக்கள்? தெரிஞ்சாக்கள்?"

"ஒருத்தரும் இல்லை அக்கா."

"அப்ப என்னத்துக்குப் போனனி?"

சிவநேசம் மெய்யாகவே விளங்காமல்தான் கேட்டாள். அவள் லண்டனுக்குப் போயிருக்கிறாள், தங்கச்சி இருக்கிறாள். பாரிசுக்குப் போயிருக்கிறாள், மச்சான் இருக்கிறார். நோர்வேக்குக்கூடப் போயிருக்கிறாள், அங்கேயும் ஒரு சித்தப்பா அகப்பட்டார். ஆள் இல்லாத நாட்டுக்கு ஒருத்தி விமானம் ஏறுவாள் என்பது அவள் புத்திக்குள் நுழைய மறுத்தது.

"பாக்கப் போனனான்," என்றாள் அஜந்தா.

"பாக்கவோ? உனக்கென்ன விசரே? அவன்ரை ஆண்டு இன்னும் முடியேல்லை. நல்லது கெட்டதுக்கே போகாமல் வீட்டோடை இருக்கவேண்டியனி, யப்பானிலை சந்தை பாத்தனியோ? சனம் கேட்டால் நாங்கள் எந்த முகத்தோடை நிக்கிறது?"

"அவர் நோயிலை கிடக்கேக்கை ஏழு வருசம் நான் ஒரு இடமும் போகேல்லை அக்கா. அப்ப சனம் வந்து ஏன் போகேல்லை எண்டு கேட்டதோ?"

ஏழு வருசமும் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோனவர்களில் சிவநேசமும் ஒருத்தி. அது அஜந்தாவுக்கும் தெரியும். அதனால்தான் இவளோடு சண்டை பிடிப்பது கஷ்டமாக இருந்தது.

"சரி, நடந்தது நடந்துபோச்சு," என்று குரலைத் தணித்தாள் சிவநேசம். "நாலு மணிக்கு மாப்பிள்ளையின்ரை அம்மா தவமலர் வருவா. அவ எப்பிடிப்பட்ட மனுசி எண்டு தெரியும்தானே? நாள், நட்சத்திரம், துடக்கு, தீட்டு எல்லாம் பாக்கிறவ. இது காதிலை விழுந்தால் கலியாணம் குழம்பும். நீ வாயைத் திறக்காதை. ரொறொன்ரோ எண்டால் ரொறொன்ரோதான்."

"நான் சொல்லத்தான் போறன்."

"என்ன?"

"போனனான் எண்டு சொல்லுவன். காட்டையும் மாத்தவேணும் எண்டு சொல்லுவன்."

மாதிரிக் காட் மேசையில் கிடந்தது. பொன் எழுத்தில், திரு திருமதி பேரின்பநாதன் சிவநேசம் தம்பதியினர் தங்கள் பெறாமகள் நிரோஜாவின் திருமணத்துக்கு அன்போடு அழைக்கிறார்கள். கீழே ஒரு வரியில் ஞானேந்திரன், அமரர். அஜந்தாவின் பெயரைத் தேடிப் பிடிக்கக் கண்ணாடி போட வேண்டியிருந்தது.

"அழைக்கிறது நான். தாரை வார்த்துக் குடுக்கிறதும் நான்தான். தனிய இருந்து குடுப்பன்."

"அப்பிடியெண்டால் நாங்கள் மணவறைப் பக்கமே வரமாட்டம்!"

"நீங்கள் வரவேணும் அக்கா. வந்து முன்வரிசையிலை இருக்கவேணும். ஆனால் மணவறையிலை நான் இருப்பன்."

கதிரை கீச்சிட்டது. நிரோஜா எழும்பி மாடிக்குப் போனாள். அவள் அறைக் கதவு படாரென்று சாத்துப்பட்டது. அஜந்தாவுக்கு அதுவரை இருந்த தைரியத்தில் பாதி அந்தச் சத்தத்தோடு போய்விட்டது.

இந்தக் கதையில் அவளுக்கு ஒரே ஒரு பயம்தான். சனம் என்ன சொல்லும் என்பதல்ல, தவமலர் என்ன சொல்வாள் என்பதுமல்ல. மகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

அஜந்தா மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினாள். திறந்துகொண்டு போனாள்.

நிரோஜா கட்டிலில் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்தாள். கண் சிவந்திருந்தது.

"எனக்குமா பொய் சொன்னீங்கள்? ஒவ்வொரு நாளும் மெசேஜ் போட்டன். 'சாப்பிட்டன், நித்திரை கொள்ளப்போறன்' எண்டு எழுதினீங்கள். அங்கை அப்ப விடிஞ்சிருக்கும்! விமானம் விழுந்திருந்தால் நான் உங்களை ஸ்காபரோவிலை தேடிக்கொண்டு இருந்திருப்பன். செ பா கொரெக்ட், சரியில்லை அம்மா."

"ஓம் பிள்ளை. உனக்குச் சொல்லாதது பிழை." அஜந்தா கட்டில் நுனியில் இருந்தாள். "அதுக்கு மட்டும் மன்னிப்புக் கேக்கிறன். போனதுக்குக் கேக்கமாட்டன்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ தடுத்திருக்க மாட்டாய். கூட வாறன் எண்டிருப்பாய். பேந்து நான் உனக்குச் சாப்பாடு சரியோ, குளிருதோ எண்டு பாத்துக்கொண்டு திரிஞ்சிருப்பன்."

நிரோஜா சிரிக்கக்கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டாள்.

"ஏன் அந்த ஊர்? டோக்கியோ இல்லை, கியோட்டோ இல்லை. ஆரும் கேள்விப்படாத ஊர்."

அஜந்தா சொல்லத் தொடங்கினாள்.

ஞானேந்திரனுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் நாட்களில், கிழமைக்கு மூன்று தரம், நாலு மணித்தியாலம் அவள் ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில் இருப்பாள். அங்கே ஒரு மேசையில் யாரோ விட்டுப்போன, துண்டுகளைப் பொருத்திப் படமாக்கும் புதிர்ப் பெட்டிகள். அதில் ஒன்று, ஆயிரம் துண்டு. கறுத்த மரவீடுகள் இரண்டு பக்கமும் நிற்கும் ஒடுங்கிய தெரு. கூரை விளிம்பில் தேவதாரு இலையால் கட்டிய பெரிய உருண்டை தொங்கும். தெருவோரம் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். பெட்டியின் மூடி எப்போதோ தொலைந்து, ஊரின் பெயர் மட்டும் பக்கவாட்டில் இருந்தது. ஒரு பனிக்காலம் முழுக்க அவள் அந்தத் தெருவைப் பொருத்தினாள். கடைசியில் ஒரு துண்டு இல்லை. இடப்பக்கம், மூன்றாவது வீட்டு வாசலில், ஒரு ஓட்டை.

"தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது துண்டையும் போட்டனான் பிள்ளை. அதிலை என்ன இருந்தது எண்டு எனக்குத் தெரியவேணும் போலை இருந்தது."

"அதுக்காக யப்பானுக்கோ?"

"அதுக்காகத்தான்."

நகோயாவிலிருந்து இரண்டரை மணி நேரம் ரயில். ஆற்றோடு வளைந்து வளைந்து மலைக்குள் ஏறியது. மரங்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன. தங்குமிடத்தில் எத்தனை பேர் என்று கேட்க அவள் ஒரு விரலைக் காட்டினாள். அவ்வளவுதான். புருசன் எங்கே, பிள்ளைகள் எத்தனை, ஏன் தனிய வந்தீர்கள் என்று ஒரு கேள்வி வரவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு சின்னக் கோப்பைகளை அவளுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். பகலெல்லாம் கார்தெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தின் குசினியில் அறுபது குழந்தைகளுக்கும், பின்னேரம் வீட்டில் மற்றவர்களுக்கும் போட்டுக் கொடுத்தே பழகிய கை, மேசையில் சும்மா கிடந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் சூப்போடு சேர்த்து விழுங்கிக்கொண்டாள்.

"அந்த மலைப்பக்கத்திலை முந்தி நெல்லு போதாதாம். அரசாங்கத்துக்கு வரி கட்ட வழியில்லாமல் நெல்லுக்குப் பதிலாத் தச்சரை அனுப்புவினமாம். அந்தாக்கள் மலை தாண்டி நடந்துபோய்த் தலைநகரத்திலை கோயிலும் மாளிகையும் கட்டிக் குடுத்திட்டுத் திரும்பி வருவினமாம். அதை வாசிச்ச உடனை எனக்கு என்ன வந்தது தெரியுமோ? கோவம். கட்டினவன்ரை பேர் எங்கை எண்டு அங்கை நிண்டவனைக் கேட்டன். அவனுக்கு என்ரை இங்கிலீசு விளங்கேல்லை, தலையைக் குனிஞ்சு கும்பிட்டிட்டுப் போட்டான்."

இந்தத் தடவை நிரோஜா சிரித்துவிட்டாள்.

"அந்தத் துண்டு? கண்டுபிடிச்சீங்களோ?"

"ஓம். பொருத்தின படத்தைப் போனிலை எடுத்து வைச்சிருந்தனான் எல்லே. சன்னல் சட்டத்தை எண்ணிக் கொண்டு போனன். மூண்டாவது வீடு. அதிலை ஒரு வாங்கு போட்டிருந்தது."

"வாங்கோ?"

"சாதாரண நீட்டு மர வாங்கு. கடைக்கு வாற சனம் இருக்கிறதுக்கு. நான் இருந்தன். நல்ல வெயில். கொஞ்ச நேரத்தாலை ஒரு குடும்பம் வந்தது. வெள்ளையள், நாலு பேர். வீட்டைப் படம் எடுக்கவேணும், கொஞ்சம் எழும்பித் தள்ளி நிக்கேலுமோ எண்டு கையைக் காட்டிச்சினம். தங்களுக்குள்ளை கதைச்சது பிரெஞ்சு. எங்கடை கியூபெக் பிரெஞ்சு!"

"நீங்கள் எழும்பினீங்களோ?"

அஜந்தா மகளைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியிலை, கோயிலிலை, கலியாணவீட்டிலை, பஸ்ஸிலை, ஆர் வந்தாலும் நான்தான் முதல் எழும்புறது. அங்கையும் கால் எழும்பப் பாத்தது. நான் விடேல்லை. 'நோன், மெர்சி', வேண்டாம் நன்றி எண்டன். அதுகள் பயந்துபோச்சுதுகள். யப்பான் மலையிலை இருந்து ஒரு கறுப்பி கியூபெக் பிரெஞ்சிலை மறுமொழி சொன்னால் பயப்படாமல் என்ன செய்யிறது? பேந்து என்னையும் சேத்துத்தான் படம் எடுத்தவை."

நிரோஜா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு முடிய, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் கேட்டாள்.

"அம்மா, மதுஷன்ரை அம்மா, தவமலர் அன்ரி வேண்டாம் எண்டால்?"

"நீ வேண்டாம் எண்டால் நான் பின்வரிசைக்குப் போறன்," என்றாள் அஜந்தா. "உனக்காகப் போவன். வேறை ஒருத்தருக்காகவும் போகமாட்டன்."

நிரோஜா வாயைத் திறக்கமுன் கீழே அழைப்புமணி அடித்தது. நாலு மணிக்கு வர வேண்டியவர்கள் மூன்றே முக்காலுக்கு வந்துவிட்டார்கள். தவமலர் எதிலும் நல்ல நேரம் பார்ப்பவள். நாலரைக்கு இராகு காலம் தொடங்குமாம்.

அஜந்தா கீழே போய்க் கைகூப்பி வரவேற்றாள். தவமலர் பச்சைக் காஞ்சிபுரத்தில், நெற்றியில் திருநீறு பளிச்சிட, பெரிய சோபாவில் அமர்ந்தாள். தகப்பனுக்கு வேலை, அதனால் மாப்பிள்ளை மதுஷன்தான் அம்மாவைக் கூட்டி வந்திருந்தான். பிள்ளை நல்லவன், வாயில்லாப் பூச்சி. அம்மா சொல்லுக்கு மறுசொல் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அஜந்தா அவர்களுக்கு நேர் எதிரே, காட் கிடந்த மேசைக்குப் பக்கத்தில் இருந்தாள்.

சிவநேசம் கண்ணால் குசினியைக் காட்டினாள். அஜந்தா பார்க்காதது போல இருந்தாள். சிவநேசம் செருமினாள்.

"அஜந்தா, தேத்தண்ணி."

"தண்ணி கொதிச்சுக்கொண்டிருக்கு அக்கா," என்று சொல்லிவிட்டு அஜந்தா அசையாமல் இருந்தாள்.

பிறகு யாரும் எதிர்பாராத விதமாகப் பேரின்பநாதன் எழும்பினார். குசினிக்குள் போனார். அலுமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"சீனி எங்கை?" என்றது அவருடைய குரல்.

"மேல் தட்டு, அத்தான்," என்றாள் அஜந்தா, இருந்தபடியே. சிவநேசத்தின் முகம் போன போக்கைச் சொல்ல இந்த வாரப் பக்கம் போதாது.

தவமலர் காட்டை எடுத்து வாசித்தாள். "வடிவா இருக்கு. பொருத்தமா எழுதியிருக்கிறியள்." பிறகு மரியாதைக்கு ஒரு வார்த்தையாக, "ரொறொன்ரோப் பயணம் எப்பிடி?" என்றாள்.

சிவநேசம் முந்திக்கொண்டாள். "நல்ல பயணம், நல்ல..."

"நான் ரொறொன்ரோவுக்குப் போகேல்லை," என்றாள் அஜந்தா. "யப்பானுக்குப் போனனான், தனிய. அவரின்ரை ஆண்டுத்திவசம் முடியமுன்னம்தான் போனனான். அதை உங்களிட்டை மறைச்சுச் சம்பந்தம் செய்ய எனக்கு விருப்பமில்லை. இன்னொண்டு. இந்தக் காட் சரியில்லை. என்ரை பிள்ளையை நான் பெத்தனான், நான் வளத்தனான். நான்தான் மணவறையிலை இருந்து தாரை வார்த்துக் குடுப்பன்."

குசினியில் கரண்டி ஒன்று கீழே விழுந்தது.

தவமலர் காட்டை மடியில் வைத்தாள். கோபப்படவில்லை. புருவத்தைச் சுருக்கி, ஏதோ கணக்குப் பிழைத்தது போல அஜந்தாவைப் பார்த்தாள்.

"யப்பானிலை உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

மாடிப்படியில் இருந்து பதில் வந்தது.

"இப்ப ஒருத்தரும் இல்லை அன்ரி," என்றாள் நிரோஜா. படியிறங்கி வந்து, அம்மாவின் கதிரைக் கையில் ஏறி இருந்துகொண்டாள். "போன கிழமை எங்கடை அம்மா இருந்தவ. ஒரு வாங்கிலை. நாலு பேர் வந்து எழும்பச் சொல்லியும் எழும்பேல்லை." அவள் மதுஷனைப் பார்த்து, தமிழும் பிரெஞ்சுமாக அந்த மலைத்தெருக் கதையைச் சொன்னாள். இல்லாத துண்டு, மூன்றாவது வீடு, 'நோன், மெர்சி' எல்லாம். சொல்லி முடித்துவிட்டு அம்மாவின் தோளில் கையைப் போட்டாள். "எனக்கும் அம்மாதான் குடுக்கவேணும்."

அஜந்தா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இனி யார் என்ன சொன்னாலும் சரி என்று இருந்தது.

பேரின்பநாதன் தட்டத்தோடு வந்தார். ஆறு கோப்பை. சீனி யாருக்கு எத்தனை என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் மூன்று கரண்டி போட்டிருந்தார். தவமலர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தாள்.

"எங்கடை பக்கத்துக்கும் ஒரு வழமை இருக்கு அஜந்தா," என்றாள். "மங்கல காரியத்தைத் தனிய ஒருத்தி முன்னுக்கு நிண்டு செய்யிறது நான் கேள்விப்படாத விசயம். இதுக்கு நான் ஓம் சொல்ல ஏலாது. நாளைக்கு என்ரை அண்ணை உங்களோடை கதைப்பார்." காட்டை இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். எழும்பினாள்.

சிவநேசம் பதறிக்கொண்டு பின்னால் ஓடினாள். "அவள் ஏதோ கவலையிலை சொல்லுறாள் அக்கா, நாங்கள் கதைச்சு..."

"நான் கவலையிலை சொல்லேல்லை," என்றாள் அஜந்தா, இருந்த இடத்திலிருந்து.

தவமலர் வாசலுக்குப் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலுக்குச் சப்பாத்தை மாட்டினாள். "வா தம்பி, நேரம் போகுது."

மதுஷன் எழும்பவில்லை.

"தம்பி."

அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு, அந்தச் சீனிப்பாணி போல இனித்த தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, அஜந்தாவின் பக்கம் திரும்பினான். மொன்றியலில் பிறந்த பிள்ளை, தமிழ்ச் சொல்லுக்குக் கொஞ்சம் தேடினான்.

"அன்ரி," என்றான், "அந்த வாங்கிலை இன்னும் எத்தினை பேர் சேந்து இருக்கலாம்?"

ஒரு காலில் சப்பாத்தும் மறு காலில் காலுறையுமாகத் தவமலர் வாசலில் நின்றாள்.